அக்கறை இல்லையென்று எழுதித் தரமாட்டேன்

எங்கள் வகுப்பில் அறுபது பேர். அவர்களில் நாற்பத்தெட்டுப் பேர் லைவ் கிளாசுக்கு வருவதில்லை என்று ஒரு நாள் காலை முதல்வர் எங்களை மைதானத்தில் நிற்கவைத்துத் திட்டினார். அந்த நாற்பத்தெட்டில் நானும் ஒருத்தி. அதற்காக அன்றும் நான் வெட்கப்படவில்லை, இன்றும் வெட்கப்படவில்லை.

நான் படித்தது பெரியபாளையத்தைத் தாண்டி வயல்களுக்கு நடுவில் இருந்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. இப்போது அது வேறு ஆட்கள் கைக்குப் போய், வேறு பெயரில் நடக்கிறது. எங்கள் வீடு கும்மிடிப்பூண்டியில், தொழிற்பேட்டைக்குப் பின்புறம். நைனாவுக்கு இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் வேலை. அம்மா பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் தரம் பார்ப்பாள். மூடிகள் ஓடிவரும்போது ஒச்சமானதைப் பார்த்துப் பொறுக்கி எடுத்துப் போட வேண்டும். எட்டு மணி நேரம் நின்றபடி அதையே பார்க்கும் வேலை. இருவரும் சின்ன வயதில் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். ஆனால் அதைச் சொல்லிப் பெருமை அடிக்க முடியாது. வகுப்பில் பாதிப் பேர் என்னைப் போலத்தான்.

அது இரண்டாயிரங்களில், பொறியியல் கல்லூரிகள் முளைத்துக்கொண்டே இருந்த சமயம். வாத்தியார்கள் நிற்கவில்லை. ஐந்தாவது செமஸ்டரில் எங்களுக்கு ‘சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்’ எடுக்க வந்தவர் பத்தே நாளில் சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போய்விட்டார். அது கஷ்டமான பாடம், சீனியர்களில் பாதிப் பேர் அதில்தான் அரியர் வைத்திருந்தார்கள். வேறொருவரைத் தேடிப் பிடிப்பதற்குப் பதிலாக நிர்வாகம் சென்னையிலிருந்த ஒரு கல்வி நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. அங்கே ஒரு பேராசிரியை பாடம் நடத்துவார். அதே நேரத்தில் அது இன்டர்நெட் வழியாக எங்கள் கல்லூரிக்கும் இன்னும் சில கல்லூரிகளுக்கும் வரும். நாங்கள் இங்கிருந்தே கேள்வி கேட்கலாம். கல்லூரி வாசலில் இதற்காகவே ஒரு பெரிய பேனர் கட்டினார்கள்.

இரண்டாவது மாடியில் ஒரு ஹாலுக்குப் பச்சைத் திரைச்சீலை போட்டு, ஏசி வைத்து, புரொஜெக்டர் மாட்டினார்கள். முன்னால் ஒரு ஸ்டாண்டில் மைக். திரைக்கு மேலே எங்களைப் பார்த்தபடி ஒரு சின்னக் கேமரா. செவ்வாயும் வியாழனும் மூன்றரையிலிருந்து ஐந்து மணி வரை வகுப்பு. முதல் நாள் அறுபது பேரும் போனோம். உண்மையைச் சொன்னால் பாதிப் பேர் ஏசிக்காகத்தான் போனோம். ஆனால் அந்த அம்மா பாடம் எடுத்தது பிடித்திருந்தது. ஐம்பது வயதிருக்கும், காட்டன் புடவை, மூக்குக் கண்ணாடி. அவசரமே இல்லாமல் எழுதுவார். சத்தம் மட்டும் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி வரும். நடுநடுவே படம் அப்படியே நின்றுவிடும். வாய் திறந்தபடி அவர் உறைந்து நிற்பார். திரும்பப் படம் ஓடும்போது பலகையில் மூன்று வரி கூடியிருக்கும். அந்த மூன்று வரி எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது.

இந்த ஹாலுக்கு ஒருங்கிணைப்பாளர் என்று ஓர் இளம் விரிவுரையாளரைப் போட்டிருந்தார்கள். எங்களைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவர். நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னால் இரண்டு பையன்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுப்பார். கேட்க வேண்டிய கேள்வி அதில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். பேராசிரியை “எனி கொஸ்டின்ஸ்?” என்றதும் அந்தப் பையன்கள் எழுந்து மைக்கில் ஒப்பிப்பார்கள். அவர் பதில் சொல்வார், இவர்கள் “தேங்க்யூ மேடம்” என்று உட்காருவார்கள். அந்தக் கேள்வியும் எங்களுடையதில்லை, அதற்கு வந்த பதிலும் எங்களுக்கானதில்லை.

மூன்றாவது வாரம் ‘கன்வல்யூஷன்’ ஆரம்பித்தது. இரண்டு சிக்னல்களை எடுத்து, அதில் ஒன்றை முன்பின்னாகத் திருப்பிப் போட்டு, நகர்த்தி நகர்த்திப் பெருக்க வேண்டும். திருப்பிப் போடச் சொன்னதுதான் எனக்குப் புரியவில்லை. எதற்காகத் திருப்ப வேண்டும்? காரணம் தெரியாமல் ஒரு வேலையைச் செய்வது எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. அவர் “எனி கொஸ்டின்ஸ்?” என்றதும், சீட்டு வைத்திருந்த பையன் எழுவதற்குள் நான் எழுந்து மைக்குக்குப் போய்விட்டேன்.

“மேடம், ஒய் வீ ஆர்... ஒய் வீ ஆர் ஃபிளிப்பிங்?” என்றேன்.

பதில் வரவில்லை. நாம் பேசுவது அங்கே போய்ச் சேர நான்கைந்து விநாடி ஆகும் என்பது எனக்குத் தெரியாது. கேட்கவில்லை போலிருக்கிறது என்று மறுபடியும் ஆரம்பித்தேன். அதே நேரத்தில் அவர் “பார்டன்?” என்றார். நான் நிறுத்தினேன். அவரும் நிறுத்தினார். நான் தொடங்க, அவரும் தொடங்கினார். பின்னால் சிரிப்பு கிளம்பியது. எனக்கு இங்கிலீஷ் முழுவதும் மறந்துபோய், “அது... திருப்பறோம் இல்ல மேடம்...” என்று தமிழில் வந்துவிட்டது. ஒருங்கிணைப்பாளர் சார் ஓடிவந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டு, “சாரி மேடம், ஸ்மால் டெக்னிக்கல் பிராப்ளம்” என்றார்.

என்னைத்தான் அவர் டெக்னிக்கல் பிராப்ளம் என்றார்.

வகுப்பு முடிந்ததும் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “இன்னாம்மா இப்படிப் பண்ணிட்ட? பத்து காலேஜ் பாத்துக்கினு இருக்கு. நம்ம காலேஜ் மானம் போவுது இல்ல?” என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்கு நூலகத்தில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு லைவ் கிளாசுக்குப் போகவில்லை.

எனக்கு முன்பே அங்கே போவதை நிறுத்தியிருந்தாள் என் தோழி. அவள் பழவேற்காட்டுக்காரி. அவள் வீட்டில் தலைமுறையாக வியாபாரம், வாப்பாவுக்குப் பொன்னேரியில் ஜவுளிக் கடை. எங்கள் வகுப்பிலேயே கணக்கு நன்றாகப் போடுகிறவள் அவள்தான். ஆனால் கல்லூரிப் பேருந்து நான்கேகால் மணிக்குக் கிளம்பிவிடும். லைவ் கிளாசுக்காக ஐந்தேகாலுக்கு ஒரு பேருந்து விட்டார்கள், அது திருவள்ளூர் பக்கம் மட்டும் போகும். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கத்துக்காரர்கள் மெயின் ரோடு வரை நடந்து, ஷேர் ஆட்டோ பிடித்துப் பெரியபாளையம் வந்து, அங்கிருந்து பஸ் ஏற வேண்டும். ஆடி மாதத்தில் அம்மன் கோயில் கூட்டத்தில் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. முதல் வாரம் அவள் லைவ் கிளாசில் உட்கார்ந்துவிட்டு வீடு போய்ச் சேர எட்டரை ஆகிவிட்டது. மாலை மஃரிப் தொழுகைக்கு முன்னால் வீட்டில் இருக்க வேண்டும் என்பது அவளைப் படிக்க அனுப்பியபோது உம்மா போட்ட ஒரே நிபந்தனை.

“காலேஜே வேணாம்னு சொல்லிட்டா இன்னா பண்றதுடீ?” என்றாள் என்னிடம். “ஒரு கிளாஸ் போனா போவுது. நாலு வருஷப் படிப்பும் போவக் கூடாது.”

இப்படி ஒவ்வொருவராகக் குறைந்து செப்டம்பரில் அந்த ஹாலில் பன்னிரண்டு பேர் மிஞ்சினார்கள். அவர்களிலும் நான்கைந்து பேர் ஏசியில் தூங்க வந்தவர்கள்.

அப்போதுதான் முதல்வர் மைதானத்தில் நிறுத்திப் பேசினார். “உங்களுக்கெல்லாம் எவ்வளவு செஞ்சாலும் வேஸ்ட். சிட்டியில இந்த வசதி கிடைக்காதான்னு அலையறான். உங்களுக்குப் படிப்புல இன்ட்ரஸ்ட் இல்ல. ஏன்னா உங்க வீட்ல அந்தப் பழக்கம் இல்ல” என்றார். பிறகு ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். என் மகன் அல்லது மகள் படிப்பில் அக்கறையின்மையால் லைவ் கிளாசுக்கு வரவில்லை, இனிமேல் தவறாமல் வருவார், தவறினால் கல்லூரி எடுக்கும் நடவடிக்கைக்குக் கட்டுப்படுகிறேன் என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. கீழே பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும்.

அன்று மாலை அம்மா ஷிஃப்ட் முடித்து வந்து, குண்டானில் தண்ணீர் ஊற்றிக் காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது தாளை நீட்டினேன்.

“இன்னா எழுதியிருக்குது?”

“நான் கிளாசுக்குப் போவலன்னு எழுதியிருக்குது. கையெழுத்துப் போடணும்.”

“முழுசாப் படி.”

படித்தேன். ‘லேக் ஆஃப் இன்ட்ரஸ்ட்’ என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

“அதுக்கு இன்னா அர்த்தம்?”

“அக்கறை இல்லன்னு.”

“யாருக்கு?”

“எனக்குத்தான்.”

அம்மா துண்டை எடுத்துக் காலைத் துடைத்தாள். “நீ காலையில அஞ்சரைக்கு எழுந்து, நாஷ்டா கூடத் துன்னாம பஸ்ஸைப் புடிக்க ஓடுற. அக்கறை இல்லாமயா ஓடுற? நீ ஏன் போவல, அத்த சொல்லு மொதல்ல.”

மைக் விஷயத்தை அதுவரை வீட்டில் சொல்லவில்லை. அன்று சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தாளை நான்காக மடித்து என் கையிலேயே கொடுத்தாள்.

“நான் போட மாட்டேன். நைனாகிட்டயும் கேக்காத, அது போட்டுடும். எங்க கம்பெனியில மெஷின் தப்பா ஓடினா மூடி எல்லாம் ஒச்சமா வரும். மூடியத் திட்டுவாங்களா? மெஷினப் பாருன்னு சொல்லுவாங்க. உங்க சார்கிட்ட போய் எங்கம்மா போட மாட்டேன்னுடுச்சின்னு சொல்லு.”

மறுநாள் பேருந்தில் தோழியிடம் இதைச் சொன்னேன். அவளும் வீட்டில் தாளைக் காட்டியிருக்கவில்லை. “நாம ஒண்ணு பண்ணலாம். அவங்க கேக்காத கேள்விய நாம கேக்கலாம். ஏன் போவலன்னு ஒவ்வொருத்தராக் கேட்டு எழுதலாம்” என்றாள். பேர் எழுதக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்தோம். பேர் எழுதினால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

ஒரு வாரம் முழுவதும் சாப்பாட்டு நேரத்திலும் பஸ்ஸிலும் கேட்டோம். பையன்களிடம் கேட்கத் தயக்கமாக இருந்தது. பிறகு பார்த்தால் அவர்கள்தான் அதிகம் பேசினார்கள். பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்த ஒருவன், தமிழ் மீடியத்தில் படித்ததால் சத்தம் தெளிவாக இருந்தாலே தனக்குப் பாதிதான் புரியும், இரைச்சலோடு வந்தால் ஒன்றும் புரியாது என்றான். தன் வகுப்பு வாத்தியாராக இருந்தால் முகத்தைப் பார்த்தே புரியவில்லை என்று கண்டுபிடித்துத் திரும்பச் சொல்வார், இந்த அம்மாவுக்குத் தன் முகம் தெரியாதே என்றான். தொழிற்பேட்டையில் மாலை ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்த இன்னொருவன், ஆறு மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தான். ஒருத்தி பசி என்றாள். பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட்டால் ஐந்து வரை தாங்கவில்லை, மூன்றரைக்கு கேன்டீனைச் சாத்திவிடுகிறார்கள். கரண்ட் போனால் கம்ப்யூட்டர் திரும்பக் கிளம்புவதற்குள் கால் மணி நேரம் போய்விடுகிறது என்றார்கள் பலர்.

பேராசிரியை சரியில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. அதுதான் எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. “அந்த மேடம் இங்க வந்து எடுத்தா நான் முன் பெஞ்சுல உக்காருவேன்” என்று நான்கு பேராவது சொல்லியிருப்பார்கள்.

எல்லாவற்றையும் தோழி அழகான கையெழுத்தில் நான்கு பக்கத்துக்கு எழுதினாள். அதை எடுத்துக்கொண்டு நான் மட்டும் முதல்வர் அறைக்குப் போனேன். இரண்டு பேர் போய், அவள் பெயரும் அடிபட்டு, வாப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினால் அவள் படிப்பு அதோடு முடிந்துவிடும். முதல்வர் முதல் பக்கத்தில் பாதியைப் படித்தார்.

“கையெழுத்து வாங்கியாரச் சொன்னா கதை எழுதிக்கினு வந்திருக்கியா?”

“சார், அம்மா கையெழுத்துப் போட முடியாதுன்னுட்டாங்க. அக்கறை இல்லன்னு எழுதியிருக்கறது பொய்னு சொன்னாங்க.”

“உங்கம்மா இன்னா பண்றாங்க?”

“கம்பெனியில குவாலிட்டி பாக்கறாங்க சார்.”

அவர் சிரித்தார். நான் அதைத் தமாஷுக்குச் சொல்லவில்லை. நான்கு பக்கத்தையும் மேஜை டிராயருக்குள் போட்டு மூடிவிட்டு, “இன்டர்னல் மார்க் என் கையில இருக்குது, ஞாபகம் வெச்சுக்க” என்றார். ஆனால் அந்த நான்கு பக்கமும் எனக்கு ஏறக்குறைய மனப்பாடம். தோழி எழுதும்போது வரி வரியாகச் சொன்னவள் நான்தானே.

பேராசிரியை முதல் நாள் காட்டிய ஸ்லைடில் அவருடைய மின்னஞ்சல் முகவரி இருந்தது. அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த பிரௌசிங் சென்டருக்குக் கிளம்பினேன். அந்த இடத்துக்கு அவ்வளவு நல்ல பெயர் கிடையாது. பலகைத் தடுப்பு, திரைச்சீலை, உள்ளே எப்போதும் பையன்கள். அம்மா நானும் வருகிறேன் என்று கூடவே வந்து, பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு, திரைச்சீலையை முழுவதும் விலக்கிவிட்டு உட்கார்ந்தாள்.

அதுதான் நான் எழுதிய முதல் மின்னஞ்சல். ஆங்கிலத்தில் அடித்தேன். ஒரு வரிக்கு ஐந்து நிமிடம் ஆனது.

“இன்னா எழுதின? சொல்லு.”

“நாங்க சோம்பேறி இல்ல மேடம்னு.”

“அது எதுக்கு? அவங்க உன்னச் சோம்பேறின்னு சொன்னாங்களா? சத்தம் கேக்கலன்னு எழுது. பஸ்ஸு இல்லன்னு எழுது. அப்புறம் அந்தத் திருப்பறதக் கேளு.”

அம்மா சொன்னது சரி. முதல் வரியை அழித்தேன். எல்லாக் காரணங்களையும் எழுதிவிட்டு, கடைசியில் கன்வல்யூஷனில் ஏன் திருப்புகிறோம் என்று கேட்டேன். எந்தக் கல்லூரி என்றும், அன்று மைக்கில் தடுமாறிய பெண் நான்தான் என்றும் எழுதினேன். பயமாக இருந்தது. பேரில்லாமல் அனுப்பலாமா என்று யோசித்தேன். மற்றவர்கள் பெயரைத்தான் மறைக்க வேண்டும், என் பெயரை மறைத்தால் அது மொட்டைக் கடுதாசி ஆகிவிடும் என்று தோன்றியது.

அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தேன். பதில் வந்திருந்தது. நான்கே வரிகள். உங்கள் கல்லூரியில்தான் அந்த இரண்டு கேள்விக்கு மேல் சந்தேகமே வருவதில்லை, மாணவர்கள் அவ்வளவு நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று எனக்குச் சொன்னார்கள். உங்கள் கேமராவில் கோளாறு என்றும் சொன்னார்கள். வரும் வியாழக்கிழமை வகுப்புக்கு வா. கேள்வியை மறுபடியும் கேள்.

வியாழக்கிழமை போனேன். நான் உள்ளே நுழைந்ததைப் பார்த்து ஒருங்கிணைப்பாளர் சார் சந்தோஷப்பட்டார், தாள் வேலை செய்துவிட்டது என்று நினைத்திருப்பார். திரையில் பேராசிரியை வந்தார். வழக்கம்போலப் பாடத்தை ஆரம்பிக்காமல் எங்கள் கல்லூரியின் பெயரைச் சொல்லி, “உங்க கேமராவைப் போடுங்க. நான் ஸ்டூடன்ட்ஸைப் பாக்கணும்” என்றார், தமிழில்.

“மேடம், கேமரா ஒர்க் ஆகல” என்றார் சார்.

“வொயர் மாட்டியிருக்கான்னு பாருங்க. நான் வெயிட் பண்றேன்.”

அவர் பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். மற்றக் கல்லூரிகளும் காத்திருந்தன. ஒரு நிமிடம் இருக்கும். சார் மெதுவாக நாற்காலியில் ஏறிக் கேமராவின் பின்னால் ஒயரைச் செருகினார். சின்ன சிவப்பு விளக்கு எரிந்தது. கோளாறு எதுவும் இல்லை.

பேராசிரியை எங்களைப் பார்த்தார். அறுபது நாற்காலிகள், பன்னிரண்டு பேர், என்னையும், தாளுக்குப் பயந்து வந்திருந்த பொதட்டூர்பேட்டைக்காரனையும் சேர்த்தால் பதினான்கு.

“மத்தவங்க எங்கே?”

“நாளைக்கு இன்டர்னல் எக்ஸாம் மேடம், படிச்சுக்கினு இருக்காங்க” என்றார் சார்.

நான் எழுந்து மைக்குக்குப் போனேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சார் குறுக்கே கை நீட்டினார். நான் கையைத் தள்ளவில்லை, சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றேன்.

“மேடம், நாளைக்கு எக்ஸாம் எதுவும் இல்ல. மத்தவங்க பஸ்ஸுக்குக் காத்துக்கினு இருக்காங்க. நாலேகாலுக்கு பஸ்ஸு போயிடும். அத வுட்டா பொண்ணுங்க ஊடு போய்ச் சேர எட்டரை ஆவும்” என்றேன். அவர் பதில் சொல்லும் வரை பேசாமல் நின்றேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று மனசுக்குள் எண்ணினேன். அந்தத் தாமதத்தை அப்போது கற்றுக்கொண்டிருந்தேன்.

“சரி. உன் கேள்வியை முதல்ல கேளு. தமிழ்லயே கேளும்மா.”

“ஏன் மேடம் ஒண்ணத் திருப்பிப் போடறோம்?”

அவர் பலகை பக்கம் திரும்பாமல் எங்களைப் பார்த்தபடியே சொன்னார். “கோயில் மணியை அடிச்சா சத்தம் கொஞ்ச நேரம் இழுத்துக்கிட்டே போகும் இல்லையா? நிறுத்தாம அடிச்சுக்கிட்டே இருந்தா இந்த நொடியில உன் காதுல விழறது என்ன? இப்ப அடிச்ச அடியோட ஆரம்பச் சத்தம். அதுக்கு முன்னாடி அடிச்சதோட நடுச் சத்தம். ரொம்ப முன்னாடி அடிச்சதோட கடைசி இழுவை. புதுசா வந்தது மணியோட ஆரம்பத்தோட சேரும், பழசு கடைசியோட சேரும். ரெண்டையும் நேரா வச்சுப் பெருக்கினா பழசு ஆரம்பத்தோட சேர்ந்துடும். அதனாலதான் ஒண்ணத் திருப்பறோம்.”

பொதட்டூர்பேட்டைக்காரன் எனக்குப் பின்னாலிருந்து, “அட, இவ்ளோதானா?” என்றான் சத்தமாக. அது மைக்கில் விழுந்து, நான்கு விநாடி கழித்துப் பேராசிரியை சிரித்தார்.

மறுநாள் முதல்வர் என்னைக் கூப்பிட்டு அரை மணி நேரம் கத்தினார். வெளி ஆளிடம் கல்லூரியைக் காட்டிக்கொடுத்தேன் என்றார். டிசி கொடுத்து அனுப்பிவிடுவேன் என்றார். “கொடுங்க சார், ஆனா காரணத்த எழுதிக் கொடுங்க” என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியாது. அவர் எழுதவில்லை. சென்னை நிறுவனத்திலிருந்து நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் வந்ததாகக் கேள்வி. அதில் என்ன இருந்தது என்று எங்களுக்குச் சொல்லவில்லை. இரண்டு வாரத்தில் லைவ் கிளாஸ் காலை பத்தரை மணிக்கு மாறியது. ஒவ்வொரு வகுப்பிலும் கடைசி இருபது நிமிடம் கேள்விக்கு, தமிழில் கேட்கலாம் என்றார்கள். கேமராவின் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. துண்டுச்சீட்டு போன இடம் தெரியவில்லை.

ஒருங்கிணைப்பாளர் சார் சில நாட்கள் என்னிடம் பேசவில்லை. பிறகு ஒரு நாள் படிக்கட்டில் நிறுத்தினார். “நீ படிச்சிட்டுப் போயிடுவ. நான் இங்கதான இருக்கணும்? பாதி ரூம் காலியா இருக்கறத அவங்க பாத்துட்டா என் வேலை போயிடும்னுதான் நானே வொயரப் புடுங்கிவிட்டேன். யாரும் சொல்லல” என்றார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அப்போதும் முழுவதும் தீரவில்லை. காலியாக இருந்ததால் கேமராவை அணைத்தார், அணைத்ததால் இன்னும் காலியானது. அதை அவரிடம் சொன்னேன். “ஆமா, பேஜாருதான்” என்று தலையைச் சொறிந்துகொண்டு போனார். அவர் வேலை போகவில்லை.

கூட்டம் அறுபதுக்கு அறுபது ஆகிவிட்டது என்று சொன்னால் பொய். நாற்பத்தைந்து, ஐம்பது பேர் வந்தார்கள். சிலர் கடைசிவரை வரவில்லை, அவர்களுக்கு உண்மையிலேயே அந்தப் பாடம் பிடிக்கவில்லை. அது அவர்கள் உரிமை. இன்டர்னல் மார்க்கில் எனக்கு மட்டும் வருகைக்கான ஐந்தையும் பிடித்துக்கொண்டார்கள். போய்க் கேட்டேன், கிடைக்கவில்லை. பல்கலைத் தேர்வும் இன்டர்னலும் சேர்த்து மொத்தம் ஐம்பத்தெட்டு எடுத்துத் தேறினேன். பெரிய மார்க் இல்லை. அந்த ஐந்தும் சேர்ந்திருந்தால் முதல் வகுப்பு மார்க் வந்திருக்கும். யார் கேட்டாலும் அந்த ஐந்து எப்படிப் போனது என்பதை மறைக்காமல் சொல்லியிருக்கிறேன், வேலைக்குப் போன இடத்து நேர்முகத்திலும்கூட.

காலை வகுப்பு ஆரம்பித்த முதல் வாரம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். என் தோழி முதன்முறையாக அந்த மைக்கின் முன்னால் போய் நின்றாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பலகையில் பேராசிரியை போட்ட ஒரு கணக்கில் மூன்றாவது வரியில் குறி மாறியிருக்கிறது என்றாள். நான்கு விநாடி அமைதி. பேராசிரியை திரும்பிப் பார்த்து, “ஆமாம்மா, என் தப்புதான்” என்று அழித்து எழுதினார். அதைத் தொடர்ந்து ஒருவன் எழுந்தான், பிறகு இன்னொருத்தி. மணி அடித்துவிட்டது. அடுத்த பாடத்துக்கான சார் வெளியே நின்று கதவைத் தட்டினார். யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் தட்டினார். கதவோரம் உட்கார்ந்திருந்தவன் எட்டிப் பார்த்து, “அஞ்சு நிமிஷம் சார், எங்க கிளாஸ் நடந்துக்கினு இருக்குது” என்றான்.